பாசிமணி... கைக்கு மருந்து, கண்ணுக்குக் கவனம்!

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், கோயில் வாசலில், குற்றாலத்தில் சீஸன் நேரத்தில்... ஒரு துணியை விரித்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாலைகளைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்களே நரிக்குறவர் பெண்கள்... அவர்களிடம் நீங்கள் பாசிமணி வாங்கியிருக்கிறீர்களா? நிச்சயம் வாங்கியிருப்பீர்கள். 'ஐம்பது ரூபாயா? இருபதுக்குக் குடு!' என்று பேரமும் பேசியிருப்பீர்கள்.

அவர்களுடைய விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா?

நானும் கவனித்ததில்லை. பல வருடங்களாக நோயாளிகளின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுதான் என் தொழில். ஆனால் என் கிளினிக்குக்கு எதிரே, பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்து தினமும் மணி கோர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையை நான் பார்க்கவே இல்லை. ஒரு நோயாளிதான் பார்க்க வைத்தார். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே, வீட்டில் மணி கோர்ப்பதால் என்ன நன்மை, எதில் ஆபத்து என்பதையும் சொல்கிறேன்.

டீச்சரின் வலது கை

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாளையங்கோட்டைக்காரர். வயது அறுபத்து மூன்று. ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது. நல்லவேளை, வீட்டில் இருந்தவர்கள் 'எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம்' என்று நேரத்தைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் முதலில் போகவேண்டிய இடம் பெரிய ஆஸ்பத்திரிதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். 108-க்கு போன் செய்யுங்கள். சித்த வைத்தியனிடம் வருவதெல்லாம் அபாயக் கட்டம் தாண்டிய பிறகுதான்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் என்னிடம் வந்தார். நடை ஓரளவு தேறியிருந்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. உளுந்துத் தைலம் தேய்த்துத் தொக்கணம் கொடுத்தோம். பிசியோதெரபியையும் நிறுத்தக்கூடாது என்று சொன்னேன். அங்கே விரல் பயிற்சிக்காகக் களிமண் மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"டாக்டர், இது சின்னப்பிள்ளை வெளாட்டுல்லா? முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்தினவ நான். இப்ப உக்காந்து மாவு பிசையணுமாக்கும்?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். எதிரே அந்தப் பெண் கோர்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தோன்றியது. "மாவு பிசைய வேண்டாம். மாலை கோர்க்கக் கத்துக்கிடுங்க. அவங்ககிட்ட!" என்றேன்.

டீச்சர் முகம் சுளித்தார். 'அவளிடமா?' என்று கேட்கவில்லை. ஆனால் முகம் கேட்டது. மறுநாள் வந்து உட்கார்ந்தார்.

கோர்க்கும்போது என்ன நடக்கிறது?

ஒரு மணியை எடுத்து நூலில் கோர்ப்பது சாதாரண வேலை மாதிரித் தெரியும். செய்து பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கவேண்டும். அதிகமாக அழுத்தினால் மணி தெறித்துவிடும். அழுத்தம் குறைந்தால் நழுவிவிடும். துளை எந்தப் பக்கம் என்று விரல் நுனி தேடவேண்டும். இடது கை ஒரு வேலை, வலது கை வேறொரு வேலை. கண் இரண்டையும் சேர்த்துவைக்கவேண்டும்.

உடம்பில் கை சின்ன உறுப்புதான். ஆனால் மூளையில் அசைவுக்கும் தொடுஉணர்ச்சிக்கும் உள்ள பகுதிகளில், விரல்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் மிகப் பெரியது. முதுகு முழுவதற்கும் உள்ளதைவிட விரல்களுக்கு அதிகம்! பக்கவாதத்தில் ஒரு பகுதி பழுதுபட்டால், பக்கத்தில் இருக்கும் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் சும்மா இருந்தால் கற்காது. திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அதுவும் அர்த்தமுள்ள வேலையாக இருந்தால் மனசு ஒட்டும்.

முதல் உலகப் போரில் காயமடைந்து வந்த சிப்பாய்களுக்கு மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் கூடை முடைவது, நெசவு, மணி வேலை என்று கைத்தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். 'தொழில்வழி சிகிச்சை' என்று இன்று சொல்கிறோமே, அது வேரூன்றிய காலம் அதுதான். பிசைய மாட்டேன் என்ற டீச்சர், கோர்க்க உட்கார்ந்ததும் இதனால்தான். பிசைந்து முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கோர்த்து முடித்தால் ஒரு மாலை மிஞ்சும்!

நம்ம ஆற்றங்கரையில் பழைய வேலை

மணி கோர்ப்பது நம் தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஆற்றின் தென்கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ பெரிய அளவில் தோண்டி, முதுமக்கள் தாழிகளோடு தங்க நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருட்களையும் எடுத்தார். இறந்தவரை அனுப்பும்போதும் அணிகலனோடு அனுப்பிய மக்கள் அவர்கள். அந்த இடத்திலேயே 2023-ல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அங்கிருந்து ஆற்றோடு கீழே போனால் கொற்கை. ஒருகாலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று கடல் விலகி, சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. அங்கிருந்து கப்பலேறிய முத்துக்குப் பின்னால், கடலில் மூழ்கி எடுத்தவர்கள் மட்டும் இல்லை. அத்தனை சின்ன முத்தில் உடையாமல் துளையிட்டு, கோர்த்துக் கொடுத்த கைகளும் இருந்திருக்கும்.

நம் பாஷையையே பாருங்கள். மாலையில் இருப்பதும் மணி, கதிரில் இருப்பதும் மணி. சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல், கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-ல் அறிவித்தார்களே, அதுவும் நெல்மணிதான்! உலகத்தின் மறுகோடியில், வட அமெரிக்காவின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களும் தங்கள் பாஷையில் பாசிமணியை 'சின்னத் தெய்வ விதை' என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். அங்கே ஐரோப்பியக் கண்ணாடி மணி வருவதற்கு முன்னால், முள்ளம்பன்றி முள்ளுக்குச் சாயம் ஏற்றித் தோலில் தைத்தார்கள். விதையையும் சங்கையும் கோர்த்தார்கள். கண்ணாடி மணி வந்ததும் அதையும் தங்கள் கைக்குப் பழக்கிக்கொண்டார்கள்.

நம்மிடையே அந்தக் கை யாரிடம் இருக்கிறது? நரிக்குறவர்களிடம். இவர்கள் வேறு, குறவர் என்ற சமூகத்தார் வேறு. நரிக்குறவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி முதலான வடமேற்குப் பாஷைகளோடு உறவுள்ள மொழி. வேட்டையும் பறவை பிடிப்பதும்தான் பரம்பரைத் தொழில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அந்த வழி அடைபட்டது. பக்கத் தொழிலாக இருந்த மணி வேலை, பெரும்பாலான குடும்பங்களுக்கு வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாகிவிட்டது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின் மூலம்தான் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

எப்படித் தொடங்குவது?

டீச்சருக்கு அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த முறையைப் பார்த்து நானே அசந்துபோனேன். பயிற்சி பெற்ற நிபுணர் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

"பெரிசுலேர்ந்து தொடங்குங்க, டீச்சரம்மா. சின்ன மணி அவசரப்படுத்தும், பெரிய மணி பொறுத்துக்கும்" என்றார்.

முதலில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மர மணிகள். நூலுக்குப் பதில் ஷூ லேஸ் போலக் கெட்டியான கயிறு. விளிம்பு உயர்ந்த தட்டில் வெள்ளைத் துணி விரித்து மணியைப் போடுங்கள். உருளாது, தெளிவாகத் தெரியும். தட்டின் அடியில் ஈரத் துணி வைத்தால் தட்டும் நகராது.

முதல் வாரம், பலவீனமான கை கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். நல்ல கை மணியைக் கோர்க்கட்டும். பிறகு வேலையை மாற்றுங்கள். முழங்கைகள் இரண்டும் மேஜைமேல் ஊன்றி இருக்கட்டும். நடுக்கம் உள்ளவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

விரல் நுனியில் உணர்ச்சி மங்கியிருந்தால், ஒரு பாத்திரத்தில் அரிசியைப் போட்டு அதற்குள் பத்து மணிகளைப் புதைத்து, கண்ணை மூடித் துழாவி எடுக்கச் சொல்லுங்கள். அந்த அரிசியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், உலையில் போட்டுவிடாதீர்கள்!

காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம் போதும். வாரம் ஐந்தைந்து நிமிஷமாகக் கூட்டி, அரை மணி வரை போகலாம். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் விரலில் வலி இருந்தால், அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் பாதியாகக் குறையுங்கள். மூட்டுவாதத்தால் காலையில் விரல் விறைக்கிறவர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைத்து எடுத்த பிறகு உட்காரலாம்.

சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்கள் கூர்மையான ஊசியைத் தொடவேண்டாம். குத்தினால்கூடத் தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். நுனி மழுங்கிய ஊசி அல்லது கெட்டியான நைலான் நூல் நல்லது. நூலைப் பல்லால் கடிக்கும் பழக்கமும் வேண்டாம்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், மறதி நோய் உள்ள பெரியவர்கள் ஆகியோரைத் தட்டோடு தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மணியை மாத்திரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்வதுண்டு.

மூன்றாவது மாதம் டீச்சர் அரை சென்டிமீட்டர் மணிக்கு வந்துவிட்டார். இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை என்று ஒரு மாலை கோர்த்துப் பெருமையாகக் காட்டினார். அந்தப் பெண் வாங்கி, விரலால் ஒரு தடவு தடவினார். "நடுவுல மூணு சிவப்பு விழுந்திருக்கு. பிரிச்சுக் கோருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். "நானும் இப்பிடித்தான் பிள்ளைகள நோட்டைத் திருப்பி எழுத வச்சிருக்கேன்" என்றபடி பிரித்தார். எடுத்துச் சட்டைக்குப் பொத்தான் போடவும், சாவி திருப்பவும் அவரால் அப்போது முடிந்தது. கையெழுத்து மட்டும் பழையபடி இல்லை. எல்லாமே திரும்பிவிடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

முப்பதில் ஒன்று குறைந்தது!

இப்போது என் தவறைச் சொல்லவேண்டும்.

உற்சாகம் வந்த டீச்சர், கிராமத்து வயல் வேலியில் இருந்து குன்றிமணி பறித்துக்கொண்டு வந்தார். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அழகு விதை. பேரனையும் கூட்டு சேர்த்துக்கொண்டு, ஊசியைக் காய்ச்சி ஒவ்வொன்றிலும் துளை போட்டிருக்கிறார். பேரனுக்கு ஐந்து வயது. அன்று மாலை சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த அந்தப் பெண் தட்டைப் பார்த்ததும், உட்காரக்கூட இல்லை.

"இது வேணாம் டீச்சரம்மா. விஷக் கொட்டை. வீட்ல சின்னப் புள்ள இருக்குறப்ப நான் இதத் தொடவே மாட்டேன். எத்தனை இருந்துச்சு?"

காலையில் எண்ணியபோது முப்பது. இப்போது இருபத்தொன்பது. பேரனைக் கேட்டால் வாயே திறக்கவில்லை. எனக்கு போன் வந்தது. பையனை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன். மீதி இருந்த விதைகளையும் பொட்டலம் கட்டிக் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஒரு குடும்பம் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. மறுநாள் மத்தியானம் அந்த முப்பதாவது மணி பையனின் பென்சில் டப்பாவில் கிடைத்தது.

மணி கோருங்கள் என்று சொன்ன நான், எந்த மணி என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இத்தனைக்கும் குன்றியைப் பற்றி நாங்கள் கல்லூரியிலேயே படித்தவர்கள். எங்கள் எடைக் கணக்கில் ஒரு குன்றி என்பது 130 மில்லிகிராம். மருந்தில் சேர்த்தால் முறைப்படி சுத்தி செய்த பிறகுதான் சேர்ப்போம். எடைக்கல்லாக இருந்த விதையே விஷமும்கூட. எங்கள் வைத்தியம் முழுக்க அளவில்தான் நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

குன்றியில் இருப்பது அப்ரின் என்ற நஞ்சு. விதையின் தோல் கெட்டியாக இருப்பதால், முழுசாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். கடித்தாலோ, துளையிட்டிருந்தாலோ நஞ்சு வெளியே வரும். மாலைக்காகத் துளைத்த குன்றி, செடியில் இருக்கும் குன்றியைவிட ஆபத்தானது என்பதை மறக்காதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, ரத்தப்போக்கோடு பேதி ஆகியவை சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோகூடத் தொடங்கலாம். 'நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்கக்கூடாது. மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்புதான் வழி. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, விளக்கெண்ணெய் கொடுப்பது எல்லாம் கூடவே கூடாது. ஆமணக்குக் கொட்டையில் இருக்கும் ரிசினும் இதே ரகம். அதையும் மாலையாகக் கோர்க்காதீர்கள்.

குழந்தைகள் கையில்...

மூன்று வயதுக்குள் மணியே வேண்டாம். வாய்க்குள் போவதெல்லாம் மூச்சுக்குழாய்க்கும் போகலாம். மூன்றிலிருந்து ஐந்து வரை, வாய்க்குள் எளிதில் போகாத பெரிய மர மணிகள், பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். அதன்பிறகு தாராளமாகக் கோர்க்கட்டும். நிறம் பிரிப்பது, எண்ணுவது, வரிசை மாறாமல் வைப்பது எல்லாம் பாடம்தான். பென்சில் பிடிக்கவும் கை பழகும்.

கைக்குழந்தைக்குக் கழுத்தில் கருகமணியும், கையில் வசம்பு வளையமும் கட்டுவது நம் வழக்கம். உங்கள் நம்பிக்கையில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் கழுத்தில் இருக்கும் கயிறு தூக்கத்தில் இறுக்கலாம். வசம்புத் துண்டும் மணியும் கழன்று வாய்க்குள் போகலாம். தூங்கவைக்கும் முன்னால் அவிழ்த்துவிடுங்கள்.

மூக்கிலோ காதிலோ மணியைத் திணித்துக்கொண்டால், ஹேர்பின்னால் குடையாதீர்கள். இன்னும் உள்ளேதான் போகும். விதை மணி என்றால் காதில் தண்ணீரோ எண்ணெயோ விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். டாக்டரிடம் போங்கள். குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்துகொண்டே இருந்தால், உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ரசமணி அணியலாமா?

மணி என்று பேச்சு எடுத்தாலே என்னிடம் வரும் கேள்வி இது. 'டாக்டர், ரசமணியைப் பாலில் போட்டுக் குடித்தால் உடம்பு இரும்பாகுமாமே?' குடிக்காதீர்கள். ரசம் என்பது பாதரசம். கட்டியிருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அது எதனோடு, எப்படிக் கட்டப்பட்டது என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது. பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அது வேண்டாம். சித்த வைத்தியனே இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கோபிப்பார்கள். சித்த வைத்தியன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

உருத்திராட்சம், துளசி, ஸ்படிகம் எல்லாம் பக்தியோடு அணியுங்கள். மன அமைதி கிடைத்தால் சந்தோஷம். அதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வெள்ளெழுத்தும் ஒரு பள்ளிக்கூடமும்

குன்றிமணி விஷயத்துக்குப் பிறகு நான் அந்தப் பெண்ணைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். வயது நாற்பத்து நாலு. மணியைக் கையில் எடுத்ததும் தூர நீட்டிப் பார்ப்பார். கோர்ப்பதெல்லாம் விரல் உணர்ச்சியில்தான். டீச்சரின் மாலையில் தப்பைக்கூடக் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை. டீச்சர் சிவப்புக்கு வாங்கியது உருண்டை மணி, வெள்ளைக்கு வாங்கியது பட்டை மணி. விரல் அதைக் கண்டுபிடித்திருக்கிறது! ஊசியில் நூல் கோர்க்க மட்டும் மகளைக் கூப்பிடுவார். பதினோரு வயதுப் பெண். பகல் பதினோரு மணிக்கு, பள்ளி நாளில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் கேட்டார்: "ஏம்மா, பிள்ளைய ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல?"

"அவ போயிட்டா எனக்கு ஊசி கோத்துத் தர யாரு இருக்கா, டீச்சரம்மா?"

எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்து, கிட்டத்தில் குவிக்கும் சக்தி குறைந்துபோவது. உங்களுக்கும் எனக்கும் வந்தால் மறுநாளே கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 22 சதவீதம் அதிகம்! இலை பறிப்பதற்கே அப்படி என்றால், மணி கோர்ப்பதற்கு?

கைகளையும் பார்த்தேன். குறடு பிடித்துக் கம்பியை முறுக்கி முறுக்கி, கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியிருந்தது. ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது. டீச்சருக்கு அரை மணி நேரம் மருந்தாக இருந்த அதே வேலை, பத்து மணி நேரம் செய்தவருக்கு நோயாக வந்திருந்தது. குன்றிக்குச் சொன்ன அதே பாடம். அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. நாம் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அரிசி வாங்க மாலை விற்றாகவேண்டியவர் எங்கே நிறுத்துவார்?

டீச்சர்தான் அவரைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். மணிக்கட்டை நேராக வைத்து வேலை செய்யவும், ராத்திரியில் பட்டை கட்டிப் படுக்கவும் நான் சொல்லிக்கொடுத்தேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். குற்றாலத்தில் சீஸன் வந்தால் பத்து நாள் காணாமல் போகிறாள், அதுவும் உண்மை. திரும்பி வந்ததும் டீச்சர் வீட்டுத் திண்ணையில் விட்ட பாடம் நடக்கிறது. ஒரு பக்கம் பாடம், இன்னொரு பக்கம் மணி.

நீங்களும் வீட்டில் கோர்த்துப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்த்து, கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு கொடுங்கள். கற்றுக்கொள்ள ஆள் தேடவேண்டாம். அடுத்த முறை கோயில் வாசலில் அவர்களைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'இதை எப்படிக் கோர்த்தீங்க?' என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். கேட்ட விலையைக் கொடுங்கள்.

அவர்கள் மணியைத் தூர நீட்டிப் பார்த்தால், 'கண்ணாடி போட்டீங்களா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!

கவனத்தில் வையுங்கள்

* மூன்று வயதுக்குள் மணி வேண்டாம். தூங்கும் குழந்தையின் கழுத்தில் மாலையோ கயிறோ வேண்டாம்.

* குன்றிமணியும் ஆமணக்குக் கொட்டையும் மாலைக்கு ஆகாது. குழந்தை வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* சங்கு, கல், கொட்டை ஆகியவற்றைத் துளைக்கும்போது தண்ணீர் விட்டுத் துளையுங்கள். தூள் மூச்சில் போகக்கூடாது. குஜராத்தில் காம்பே ஊரில் அகேட் கல்மணி அறுத்துத் தேய்த்த பலருக்கு நுரையீரல் நோய் வந்ததற்குக் கல்தூள்தான் காரணம்.

* புது மணியை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தோலில் படும்படி அணியவேண்டாம். உலோக மணியால் அரிப்பு வந்தால் கழற்றிவிடுங்கள்.

* விரல் மரத்தல், ராத்திரி வலி, கண் எரிச்சல் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.